ஒரு சோறு பதமாகாத பானை



ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். ஒரே நீரில், ஒரே நெருப்பில் வெந்த சோறாகையால் அது பொருந்தும். மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய பற்றரிகளை ஆக்கும் தொழிற்சாலையிலோ அம்முதுமொழி செல்லாது.

இலித்தியம் அயன் பற்றரியை 1991ஆம் ஆண்டில் யப்பானின் சோனி நிறுவனம் முதன்முதலாகச் சந்தைக்குக் கொணர்ந்தது. நம் கைத்தொலைபேசிகளில் இருப்பது அவ்வினமே. செப்புத் தாளின்மேற் கரி பூசியது எதிர்மின்வாய். அலுமினியத் தாளின்மேல் உலோக ஒட்சைட்டுப் பூசியது நேர்மின்வாய். இரண்டும் தொட்டுக்கொள்ளாவண்ணம் நடுவே தலைமயிரினும் மெல்லிய பிளாத்திக்குச் சவ்வொன்று உண்டு. இவற்றைப் பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, உறையிலிட்டு, திரவம் வார்த்து மூடிவிடுவர். பின்னர் திறந்து பார்த்தால் பற்றரி அழியும். எல்லாவற்றையும் திறந்தால் விற்க ஒன்றும் எஞ்சாது. சிலவற்றை மட்டும் திறந்தால், குறையுடையது திறவாதவற்றுள் ஒளிந்திருக்கும்.

2016 ஆகஸ்டில் தென்கொரியாவின் சாம்சங் நிறுவனம் 'கலக்சி நோட் 7' என்னும் தொலைபேசியை வெளியிட்டது. சில நாள்களிலேயே அவற்றுட் சில தீப்பற்றின. செப்டெம்பரில் அவற்றை மீளப்பெற்று, வேறொருவர் ஆக்கிய பற்றரி பொருத்தியவற்றைக் கொடுத்தனர். அவற்றிலும் சில எரிந்தன. ஒக்டோபரில் உற்பத்தியே நின்றது. 2017 சனவரியில் வெளியான ஆய்வு முடிவு சிந்திக்கத்தக்கது. முந்திய பற்றரியின் மேல் மூலையில் எதிர்மின்வாய் வளைந்திருந்தது. பிந்தியதன் குறை வேறு: நேர்மின்வாயில் உலோகத்தை ஒட்டவைத்த இடத்தில் எழுந்த கூரிய பிசிறுகள் சவ்வைத் துளைத்திருந்தன, சிலவற்றிற் காப்பு நாடாவே ஒட்டப்படவில்லை. நாடா ஒட்டாமை! பார்க்கவேண்டிய வேளையிற் பார்த்திருப்பின், பள்ளிச் சிறுவனும் சுட்டிக்காட்டக்கூடிய குறையன்றோ அது?

அவ்வேளை, சுருட்டுவதற்கு முன்னர் உள்ளது. ஓடும் தாளின் மேலே கமராக்களை நிறுத்தி, கீறல், ஊசித்துளை, ஒட்டிய உலோகத்துகள் ஆகியவற்றைத் தேடுவர். ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சுவதும் உண்டு. அந்திவெயிலில் வயல்வரப்பின் சிறு மேடும் நிழல் காட்டுவதுபோல, நேரொளியில் மறையும் மேடுபள்ளம் அப்போது புலனாகும். மூடிய பின்னர் ஊடுகதிர் உதவும். எதிர்மின்வாயின் ஓரம் நேர்மின்வாயின் ஓரத்தைச் சற்றே கடந்து நிற்கவேண்டும்; இன்றேல் மின்னேற்றும்போது ஓரத்தில் இலித்தியம் உலோகமாகப் படியும். அவ்விடைவெளியை ஊடுகதிர்ப் படத்தில் அளக்கலாம். ஆனால் உலோகத்தைத் தெளிவாகக் காட்டும் அக்கதிருக்குப் பிளாத்திக்குச் சவ்வு அரிதாகவே தென்படும். ஆகவே சவ்வின் மடிப்பை முன்னரே கண்டாக வேண்டும்.

2021இல் அமெரிக்காவின் செனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1,40,000இற்கு மேற்பட்ட 'போல்ட்' மின்கார்களைத் திருத்தத்துக்காக மீள அழைத்தது. கிழிந்த எதிர்மின்வாய் நாக்கும் மடிந்த சவ்வும் ஒரே கலத்தில் ஒருங்கு நேர்ந்தமையே தீக்குக் காரணமென அறியப்பட்டது. ஒவ்வொன்றும் தனித்து அரிது; இரண்டும் கூடுவது அதனினும் அரிது. மாதிரிக்குச் சிலவற்றை எடுப்பவர் கையில் அத்தகைய கலம் எங்ஙனம் அகப்படும்?

இல்லத்தில் நமக்கு ஊடுகதிர் இல்லை, கண் உண்டு. தொலைபேசியின் முதுகு உப்பியிருக்கக் கண்டால் அழுத்தவோ துளைக்கவோ வேண்டா. மின்னேற்றுவதை நிறுத்தி, தொழில் அறிந்த திருத்துநரிடம் ஒப்படையுங்கள்.