முகம் விற்றவரும் முதல் இழந்தவரும்

(சிவகாசியில் கிளைத் தோழர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருத்தங்கல் சாலையோரத்துத் தேநீர்க் கடையில் ஓர் இளைஞர் என்னிடம் கேட்ட கேள்வியோடு தொடங்குகிறேன். பட்டாசு ஆலையில் மருந்து செலுத்தும் வேலை அவருக்கு. சனிக்கிழமை கூலி வாங்கி வந்த கையோடு கைப்பேசியைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: “அண்ணாச்சி, ரெய்னாவே சொல்றாரு, தவானும் சொல்றாரு. அத்தனை பெரிய ஆளுங்க திருட்டுக் கடைக்கா போர்டு பிடிப்பாங்க?”

ஏளனமாகக் கேட்ட கேள்வியன்று அது. நல்ல மனிதன் பொய் சொல்லமாட்டான் என்று நம்புகிற உள்ளத்தின் கேள்வி. ஆகவே நானும் அவசரப்பட்டு விடை கூறவில்லை. இன்று கூறுகிறேன்.

முகம் ஒட்டிச் சரக்கு விற்பது சிவகாசிக்குப் புதிய வித்தையா? இந்த நூற்றாண்டுக்கும் மூத்த வித்தையல்லவா! அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அந்த அச்சகங்களிலிருந்து முருகனும் வந்தான், மயிலும் வந்தது, நடிகரும் வந்தார், நாட்காட்டியும் வந்தது. பின்னாளில் லாட்டரிச் சீட்டும் வந்தது, அதையும் மறைப்பதற்கில்லை. ஆனால் தீப்பெட்டியின் மேல் எவர் படம் இருந்தாலும் உள்ளே குச்சி இருக்கும், உரசினால் எரியும். பெட்டியின் ஓரத்தில் செய்தவன் பெயரும் ஊரும் இருக்கும். சரக்கு கெட்டால் சட்டையைப் பிடிக்க ஆள் உண்டு.

கைப்பேசியில் வந்த கடைக்கு ஊர் ஏது? ஒன்எக்ஸ்பெட் என்னும் பந்தயக் கம்பெனி ரஷ்யர்கள் தொடங்கியது. சைப்ரஸ் தீவில் பதிவு பெற்றது. இந்நாட்டில் அதற்கு உரிமம் இல்லை. அதன் பெயரை நேராக விளம்பரம் செய்ய முடியாதபோது ஓரெழுத்தை மாற்றி, விளையாட்டுச் செய்தி வெளியிடும் தளம் என்று வேடம் பூண்டு வந்தது. அந்த வேடத்துக்கு ஒரு முகம் வேண்டியிருந்தது. சுரேஷ் ரெய்னா கிடைத்தார். சென்னை அணியின் ரசிகர்கள் “சின்னத் தல” என்று தோளில் தூக்கிய மனிதர் அவர். அவருக்கு அக்கம்பெனி சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? “பொறுப்புடன் ஆடுவதற்கான தூதர்”! சாராயக் கடை வாயிலில் நின்று, அளவோடு குடியுங்கள் என்று உபதேசிக்கும் உத்தியோகம் இதுவரை நமது நாட்டில் இல்லாதிருந்தது. அந்தக் குறையும் நீங்கிற்று.

2025 ஆகஸ்டில் அமலாக்கத் துறை ரெய்னாவை அழைத்து விசாரித்தது. செப்டம்பரில் ஷிகர் தவானை விசாரித்தது. அதே மாதத்தில் ராபின் உத்தப்பாவும் யுவராஜ் சிங்கும் விசாரிக்கப்பட்டனர். நவம்பர் 6ஆம் நாள் ரெய்னா, தவான் இருவருடைய சொத்துக்களில் 11.14 கோடி ரூபாய் பெறுமானமுள்ளவை முடக்கப்பட்டன. தெரிந்தே வெளிநாட்டு நிறுவனங்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டனர் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டுத்தான், தீர்ப்பன்று. எதிர்க்கட்சிகளின் மீது ஏவிவிடப்படும் அமலாக்கத் துறையை நாம் நன்கறிவோம். அதன் வாக்கை வேதவாக்காகக் கொள்ளும் பழக்கம் நமக்கில்லை. ஆனால் விளம்பரத்தில் தோன்றியது அவர்கள் முகமே என்பதற்கு நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியதில்லை. நாடே பார்த்தது.

ஏன் ஓய்வு பெற்ற வீரரைத் தேடி இவர்கள் ஓடுகிறார்கள்? ஆட்டம் முடிந்த மறுநாளே வருமானம் குறைகிறது. முகத்தின் மதிப்போ உடனே குறைந்துவிடுவதில்லை. அந்த இடைவெளியில்தான் வணிகன் நுழைகிறான். ரசிகனிடம் இருபது ஆண்டுகளாகச் சேர்ந்த அன்பு ஒரு கையெழுத்தில் கைமாறுகிறது. அன்பு செலுத்தியவனுக்கு அதில் பங்கு உண்டா? நமது மாவட்டத்துப் பொட்டலில் முழங்கால் தேயக் கபடி ஆடிய வீரன் இருக்கிறான். அவன் முகத்தைக் கேட்டு எந்தக் கம்பெனியும் வரவில்லை. வரவேண்டாம் என்றே வேண்டிக் கொள்கிறேன்.

ஓய்வு பெற்றவர் மட்டுமே செய்த வேலை இது என்றும் சொல்வதற்கில்லை. 2020 நவம்பரில், நமது மாவட்டத்து வழக்குகள் செல்லும் அதே மதுரைக் கிளை, இணையச் சூதாட்ட விளம்பரங்களில் தோன்றியதற்காக விராட் கோலிக்கும் சவுரவ் கங்குலிக்கும் நோட்டீசு அனுப்பியது. கோலி அன்று ஆடிக் கொண்டிருந்தவர். கங்குலியோ கிரிக்கெட் வாரியத்தின் தலைவர்! வேலி காக்க வேண்டியவரே வெள்ளாட்டுக்கு விளம்பரம் செய்த கதை. அதே ஆண்டில் ஐ.பி.எல். போட்டிக்கே டிரீம் லெவன் என்று பெயர் சூட்டப்பட்டது. விலை 222 கோடி. 2023 முதல் 2025 வரை இந்திய அணியின் சட்டையிலும் அந்தப் பெயர்தான் இருந்தது. டெல்லி சர்க்கார் அப்போது என்ன செய்தது? 2023 அக்டோபரிலிருந்து கட்டும் பணம் முழுவதற்கும் நூற்றுக்கு 28 வீதம் ஜி.எஸ்.டி. வசூலித்தது. சூதாட்டக் களத்தின் வாயிலில் உண்டியல் வைத்து உட்கார்ந்திருந்தது என்றே சொல்வேன்.

இவர்களெல்லாம் தப்பிச் சென்ற சந்து ஒன்று உண்டு. “இது சூதன்று, திறமை ஆட்டம்” என்பதே அது. 1957இல் சமார்பாக்வாலா வழக்கில் உச்சநீதிமன்றம் திறமை வேறு, சூது வேறு என்று பிரித்தது. 1968இல் ரம்மிக்குத் திறமை வேண்டும் என்றது. தமிழகம் குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் செய்தபோது, அதுவும் திறமையே என்று 1996இல் தீர்ப்பு வந்தது. குதிரைக்குத் திறமை உண்டு, ஒப்புக் கொள்வோம். பந்தயம் கட்டி வேட்டியை இழப்பவனுக்கு என்ன திறமை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரமே ஒதுக்கினார். அதில் இந்தப் பாகுபாட்டுக்கு இடம் கொடுக்கவில்லை.

தமிழகச் சட்டமன்றம் மூன்று முறை முயன்றது. 2021இல் இயற்றிய சட்டத்தை அவ்வாண்டு ஆகஸ்டிலேயே உயர்நீதிமன்றம் செல்லாதாக்கிற்று. நீதியரசர் சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் 2022 அக்டோபரில் நிறைவேறிய மசோதாவை ஆளுநர் ரவி மாதக் கணக்கில் வைத்திருந்து 2023 மார்ச்சில் திருப்பி அனுப்பினார். கடனில் மூழ்கி உயிர் துறந்தோரைப் பற்றிய செய்தி நாளேடுகளில் வந்த வண்ணமிருந்த மாதங்கள் அவை! மார்ச் 23இல் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றியது. ஏப்ரல் 7இல் ஒப்புதல் வந்தது. நவம்பரில் உயர்நீதிமன்றம் சட்டத்தை நிலைநிறுத்தியபோதும் ரம்மியையும் போக்கரையும் தடைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. இறுதியில் 2025 ஆகஸ்டில் மத்திய சட்டம் வந்தது. பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டம் அனைத்தையும் அது தடுக்கிறது. திறமை என்ற சந்தையும் அடைக்கிறது. விளம்பரம் செய்வோருக்கு இரண்டாண்டு வரை சிறை, 50 லட்சம் வரை அபராதம். இதனை நாம் வரவேற்றோம். எதிர்த்த வழக்குகள் செப்டம்பரில் உச்சநீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டன. ஆனால் உள்நாட்டுக் கடை மூடியதும் கடல் கடந்த கடை வேறு வேறு பெயரில் திறக்கிறது. அதன் முதலாளி சிவகாசிக் காவல் நிலையத்துக்கு வரப் போவதில்லை. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பவர் தூதர் ஒருவரே.

கசப்பானதொன்றையும் இவ்விடத்தில் சொல்லித் தீரவேண்டும். தேர்தல் பத்திரக் கணக்கு 2024 மார்ச்சில் வெளிவந்தபோது, பத்திரம் வாங்கியோரில் முதலிடம் ஒரு லாட்டரிக் கம்பெனிக்கு: 1,368 கோடி. தி.மு.கழகம் தானே தேர்தல் ஆணையத்திடம் அளித்த கணக்கின்படி அதில் 509 கோடி அவர்களுக்குச் சென்றது. தேர்தலில் நாம் தோளோடு தோள் நின்ற கட்சி அது. அதற்காக இதை விழுங்க முடியுமா? நாம் அந்தப் பத்திரத்தில் ஒரு காசும் வாங்க மறுத்தவர்கள். கேட்கும் உரிமை நமக்குண்டு. கிரிக்கெட் வீரரைப் பார்த்து, இந்தப் பணம் எங்கிருந்து வந்ததெனக் கேட்போர், கொடி பிடித்தோரைப் பார்த்தும் கேட்கவேண்டும்.

இனி நமது ஊருக்கு வருகிறேன். மருந்து அறையில் நால்வருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது விதி. எந்த அறையில் எவ்வளவு மருந்து என்பதற்கும் விதி. அவ்விதிகளை மீறிய இடங்களில் நாம் பிணங்களைத் தூக்கியிருக்கிறோம். 2012இல் முதலிப்பட்டியை மறந்தோர் இங்கு எவருமில்லை. பகலெல்லாம் அத்தனை விதிகளுக்கிடையே உயிரைப் பணயம் வைத்து உழைப்பவன், இரவில் விதியே இல்லாத அறைக்குள் தனியே நுழைகிறான். ஏன்? தீபாவளி முடிந்ததும் ஆலை வாரக் கணக்கில் மூடும். 2018 அக்டோபரில் பேரியம் நைட்ரேட்டும் சரவெடியும் தடுக்கப்பட்டபின் மாதக் கணக்கில் மூடிக் கிடந்தது. மழை பெய்தால் வேலையில்லை. வேலையில்லா நாளுக்குக் கூலியில்லை. போனசுப் பணம் கையில் இருக்கும்; அடுத்த சனிக்கிழமை எப்போது என்று தெரியாது. அந்த நேரத்தில் பழகிய முகம் ஒன்று, நூறு ரூபாய் போடு என்கிறது. ஆசை அவனைத் தள்ளியது என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் இந்த ஊரில் ஒரு கார்த்திகை மாதம் கூலியின்றிக் குடித்தனம் நடத்திப் பார்க்கட்டும்.

ஆகவே ஆடியவனை அவமானப்படுத்தாதீர்கள். மத்திய சட்டமே அவனைக் குற்றவாளி என்று சொல்லவில்லை. வீட்டுக்குச் செல்லுங்கள், பெண்களிடமும் பேசுங்கள். நகை அடகுக் கடைக்குச் செல்லுமுன் சேதி முதலில் எட்டுவது அவர்களுக்கே. போனசு வழங்கும் வாரத்தில் ஆலை வாயிலில் நமது துண்டறிக்கை இருக்கவேண்டும். மூடிய நாட்களுக்கு நிவாரணத் தொகை என்ற கோரிக்கையும் அதே அறிக்கையில் இருக்கவேண்டும். ஒன்றை விட்டு மற்றொன்றைச் சொன்னால் நம்மைப் புத்தி சொல்ல வந்த பெரியவர்கள் என்று நினைத்து ஒதுக்கிவிடுவார்கள்.

அந்த இளைஞருக்கு நான் இறுதியில் சொன்னது இவ்வளவே: “தம்பி, பெரிய ஆள்தான் போர்டு பிடிப்பார். சின்ன ஆள் பிடித்தால் நீ நம்பமாட்டாயே!” அவர் சிரிக்கவில்லை. கைப்பேசியை மடியில் வைத்துக்கொண்டு, இதுவரை போனது எவ்வளவு என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். நான் இன்னொரு தேநீர் சொல்லிவிட்டுக் காத்திருந்தேன்.