காட்டு விலங்கில் தொடங்கி மிருக வைத்தியத்துக்கு

(எமது சங்கத்தின் கல்வி வழிகாட்டல் நாளில், இங்கிலாந்தில் மிருக வைத்தியம் நாலாம் வருடம் படிக்கும் மாணவி ஒருவர் ஆற்றிய உரை.)

 

எங்கட சனத்துக்குள்ள ஒரு பிள்ளை மிருக வைத்தியம் படிக்கப்போறன் எண்டு சொன்னால், "என்ன, மாட்டு டொக்டரோ?" எண்டுதான் முதல் கேள்வி வரும். ஓம், மாட்டுக்கும்தான். அது வெட்கப்படுகிற விசயமில்லை. லண்டன் றோயல் வெற்றினரி கொலிஜ் 1791ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. இன்று இந்த நாட்டில் மிருக வைத்தியம் படிப்பிக்கிற இடங்கள் பத்துக்கும் மேல். படிப்பு பெரும்பாலும் ஐந்து வருடம். போட்டியோ மனித வைத்தியத்துக்குக் குறைவில்லை.

நான் இன்று முக்கியமாகக் கதைக்க வந்தது, காட்டு விலங்குகளில் ஆசைப்பட்டு இந்தப் பக்கம் வருகிற பிள்ளைகளோடு. நானும் அப்படித்தான் வந்தேன். பதினாறு வயதில் இருந்து சனிக்கிழமைகளில், காயப்பட்ட காட்டு விலங்குகளைப் பராமரிக்கிற ஒரு நிலையத்தில் தொண்டு வேலை செய்தேன். முள்ளெலிக்குக் கூடு கழுவினேன், நிறை பார்த்து எழுதினேன், சொறி பிடித்த நரிக்குச் சாப்பாடு வைத்தேன். பெரும்பாலும் கழுவுகிற வேலைதான். விண்ணப்பத்தில் அதை மறைக்கத் தேவையில்லை. நாறுகிற வேலைக்கும் அலுக்காத பிள்ளையா எண்டு பார்க்கத்தான் அனுபவம் கேட்கிறார்கள்.

ஆனால் "நான் முள்ளெலி வளர்த்தேன், எனக்கு விலங்குகளில் பாசம்" எண்டு மட்டும் எழுதினால் போதாது. பாசம் விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் இருக்கு. நீங்கள் கண்டதில் இருந்து என்ன விளங்கிக்கொண்டீர்கள் என்பதே கேள்வி. மூன்று உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, முள்ளெலி. நல்ல மனதோடு சனம் அதுக்குப் பாலும் பாணும் வைக்கும். பால் அதுக்குச் செமிக்காது, வயிற்றோட்டம் வரும். ஆகவே வைத்தியரின் வேலையில் பாதி, மனிதருக்கு விளங்கப்படுத்துவது.

இரண்டு, அன்னம். தேம்ஸ் ஆற்று அன்னங்கள் மீன்பிடிகாரர் விட்டுப்போன ஈயக் குண்டுகளை விழுங்கி, நஞ்சேறிச் செத்தன. ஒவ்வொன்றாக மருந்து கொடுத்து அதை முடிக்க ஏலாது. 1987இல் அந்தக் குண்டுகளைத் தடை செய்த பிறகுதான் அன்னங்கள் திரும்பப் பெருகின. ஒரு பறவைக்குச் செய்வது வைத்தியம், கூட்டத்துக்குச் செய்வது தடுப்பு. இரண்டும் இந்தத் தொழிலுக்குள் அடங்கும்.

மூன்று, சாம்பல் அணில். 2019இல் வந்த ஆணைப்படி, காப்பாற்றிய சாம்பல் அணிலை அனுமதிப் பத்திரம் இல்லாமல் திரும்ப வெளியில் விடுவது இங்கிலாந்தில் சட்டவிரோதம். அப்ப கையில் வந்த அணிலை என்ன செய்வது? உயிரை வலியின்றி முடிப்பதும் வைத்தியரின் கடமையில் ஒன்று. நேர்முகப் பரீட்சையில் இப்படியான கேள்விகள் வரும். அழாமல், ஆனால் இரக்கத்தோடு பதில் சொல்லப் பழகவேணும்.

அடுத்தது, காட்டு விலங்கு அனுபவம் மட்டும் போதாது. படித்து முடித்தவர்களில் மிகச் சிலருக்குத்தான் காட்டு விலங்கு வேலை கிடைக்கும். மற்றவர்கள் நாய், பூனை, மாடு, குதிரை பார்ப்பார்கள். ஆகவே வசந்தகால லீவில் செம்மறி குட்டி போடுகிற பண்ணையில் நில்லுங்கள். பால் மாட்டுப் பண்ணைக்குப் போங்கள். ஊரில் உள்ள கிளினிக்கில் சில நாள் நின்று பாருங்கள். பிறகு இவற்றைக் காட்டோடு இணைத்து எழுதுங்கள். 1971இல் குளொஸ்ரர்ஷயரில் காசநோயோடு ஒரு பட்ஜர் கண்டுபிடிக்கப்பட்டது. வளைதோண்டி வாழ்கிற அந்த மிருகத்துக்கும் மாட்டுக்கும் இடையில் நோய் எப்படிப் பரவுகிறது என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. காட்டையும் பண்ணையையும் இரண்டு பக்கமும் நின்று பார்த்த பிள்ளைக்கு இதில் சொல்ல விசயம் இருக்கும்.

இனி விண்ணப்ப விபரம். யூகாஸ் மூலம் கடைசித் திகதி ஒக்ரோபர் 15. மற்றப் பாடங்களைப் போல ஜனவரி மட்டும் காத்திருக்க முடியாது. ஐந்து தெரிவில் நாலைத்தான் மிருக வைத்தியத்துக்குப் போடலாம். உயர்தரத்தில் உயிரியலும் இரசாயனமும் பெரும்பாலும் கட்டாயம். 2026 அனுமதியில் இருந்து சுயவிபரக் கட்டுரை மூன்று கேள்விகளாக மாறியிருக்கு. மூன்றுக்கும் சேர்த்து 4000 எழுத்துத்தான். எத்தனை மணித்தியால அனுபவம் வேண்டும் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும், அந்தந்த வருட அறிவித்தலைப் பாருங்கள். ஒரு கொப்பியில் திகதி, இடம், செய்த வேலை, விளங்காத விசயம் என்று அன்றன்றே எழுதி வையுங்கள். ஒரு வருடத்துக்குப் பிறகு ஞாபகத்தில் இருந்து எழுத வராது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். அகதி அந்தஸ்து கிடைத்த பிள்ளைக்கு இங்கிலாந்தில் உள்நாட்டுக் கட்டணமும் மாணவர் கடனும் உண்டு. வழக்கு முடியாத பிள்ளைக்குப் பொதுவாக அந்தக் கடன் இல்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தஞ்சம் கோரியோருக்கென்று புலமைப்பரிசில் வைத்திருக்கின்றன. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு ஒரு வருடம் கூடின நுழைவுப் படிப்பும் சில இடங்களில் இருக்கு. கடிதம் வரட்டும் எண்டு பிள்ளையின் படிப்பை நிறுத்தி வைக்காதையுங்கோ. இரசாயனப் புத்தகத்துக்கு விசா தேவையில்லை.

பண்ணைக்குப் போக பஸ் இல்லை, சப்பாத்துச் சேறாகும், பொம்பிளைப் பிள்ளை தனியப் போகலாமோ எண்டு யோசிப்பீங்கள். என்ர அப்பா இரவு வேலை முடித்து, நித்திரை கொள்ளாமல் என்னைக் காரில் கொண்டுபோய் இறக்கினவர். அந்த உதவியைப் போடுவதற்கு விண்ணப்பப் படிவத்தில் கட்டம் இல்லை. ஆனால் அது இல்லாமல் மற்றக் கட்டங்கள் நிரம்பியிராது.

கூட்டம் முடிந்த பிறகு நான் பின் மேசையில் இருப்பேன். கேள்வி உள்ளவர்கள் கொப்பியும் பேனையும் கொண்டு வாங்கோ.