இலை சுருட்டியும் காய் துளைப்பானும்

(விவசாயிகள் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



நெல்லின் இலையை நீளவாக்கில் மடித்து, உள்ளிருந்தபடியே பச்சையத்தைச் சுரண்டும் புழுவை நீங்கள் அறிவீர்கள். பருத்தி, வெண்டை இலைகளைப் புனல்போலச் சுருட்டும் புழுவையும் கண்டிருப்பீர்கள். கத்தரியின் நுனித்தண்டை வாடச்செய்து, பின்னர் காய்க்குள் புகும் புழுவைப்பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. செய்யும் சேதம் வெவ்வேறாயினும், இம்மூன்றையும் பூச்சியியல் அறிஞர்கள் ‘ஸ்பைலோமெலினே’ என்னும் ஒரே துணைக்குடும்பத்தில் சேர்த்துள்ளனர். ஆமணக்குக் காயைத் துளைப்பதும், துவரையின் பூவையும் காயையும் நூலால் பிணைத்துத் தின்பதும் இதனைச் சேர்ந்தவையே. இதில் 4,000-க்கு மேற்பட்ட இனங்கள் உள்ளன.

தின்னும் பொருளைக் கொண்டு அன்று, உடலமைப்பைக் கொண்டே குடும்பம் பிரிக்கப்படுகிறது. கத்தரி அந்துப்பூச்சிக்குச் செவி வயிற்றின் அடிப்பகுதியில் உள்ளது. தக்காளியைத் துளைக்கும் பச்சைக் காய்ப்புழுவின் அந்துப்பூச்சிக்கோ அது மார்பில் உள்ளது. இரண்டும் காயைத் துளைத்தாலும் குடும்பம் வேறு.

கத்தரிப் பூச்சிக்கு வெண்சிறகில் பழுப்புத் திட்டுகள். நெற்பூச்சிக்கு வைக்கோல் நிறச் சிறகில் கருங்கோடுகள். ஆமணக்குப் பூச்சிக்கு மஞ்சள் சிறகில் கரும்புள்ளிகள். சிறகை மட்டும் நம்பி அறிஞர்களே ஏமாந்ததும் உண்டு. ஆப்பிரிக்காவில் கத்தரியைத் துளைப்பதும் நம் நாட்டுப் பூச்சியே என்று நெடுங்காலம் எழுதி வந்தனர். இனவுறுப்புகளையும் மரபணுவையும் ஒப்பிட்டு, அவை வேறு இனங்கள் என 2015-ஆம் ஆண்டில் நிறுவினர்.

இதனால் நமக்கென்ன என்று கேட்கலாம். இனக்கவர்ச்சிப் பொறியில் வைக்கும் வாசனை இனத்துக்கு இனம் வேறுபடும். தக்காளிப் புழுவுக்குரியதைக் கத்தரித் தோட்டத்தில் தொங்கவிட்டால் கத்தரிப் பூச்சி வாராது. பொறி வெறுமையாய் இருக்கக் கண்டு பூச்சியே இல்லையென்று நாம் வாளாவிருப்போம். அதற்குள் காய் சொத்தையாகிவிடும். ஆகவே கடையில் ‘காய்ப்புழுவுக்கு’ என்று பொதுவாகக் கேளாமல், பயிரின் பெயரையும் பூச்சியின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். ஐயமிருப்பின் பூச்சியைத் தீப்பெட்டியில் இட்டு வேளாண்மை அலுவலரிடம் காட்டுங்கள். விரலால் நசுக்கிக் கொண்டுசென்றால் சிறகின் செதில்கள் உதிர்ந்துவிடும். பிறகு யாராலும் எளிதில் சொல்ல இயலாது.

காய்க்குள் புகுந்த புழுவை மருந்து எட்டாது. வாடிய நுனித்தண்டுகளை வாரந்தோறும் கிள்ளி அழிப்பதே நலம். ஆயினும் ஒருவர் கிள்ள, அண்டைத் தோட்டத்தார் காய்ந்த கத்தரிச் செடிகளை விறகுக்கென வேலியோரம் அடுக்கிவைத்தால் பயனில்லை. அவற்றில் தங்கிய கூட்டுப்புழுக்களிலிருந்து பூச்சிகள் வெளிவந்து புதிய நடவைத் தேடிச் செல்லும். எனவே, அடுத்த நடவுக்குமுன் ஊரார் அனைவரும் பழைய செடிகளை அகற்றுவதற்கு ஒரு நாளை ஊராட்சிக் கூட்டத்தில் குறித்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன்.