அபாயத்தை அளக்கலாமா?

(ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மனநோய் வைத்தியசாலை ஒன்றுக்கு ஓர் இளைஞன் வருகிறான். "இனி வாழ்ந்து பயனில்லை" என்கிறான். வைத்தியருக்கு முன்னே ஒரு தாள் இருக்கிறது. முன்னர் தன்னுயிரைப் போக்க முயன்றானா, குடிப்பழக்கம் உண்டா, தனியே வசிக்கிறானா என்று அது கேட்கிறது. விடைகளுக்குப் புள்ளியிட்டுக் கூட்டினால் அபாயம் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று ஒரு முடிவு வந்துவிடும். இம்முறை நெடுங்காலம் பல நாடுகளில் வழங்கியது. அது உண்மையைக் கூறுகிறதா என்பதே நான் எடுத்துக்கொண்ட பொருள்.

அமெரிக்காவில் பொக்கோர்னி என்னும் வைத்தியர் இதனைச் சோதித்தார். ஹூஸ்ரன் நகரில் முன்னாட் போர்வீரருக்கான வைத்தியசாலையிற் சேர்ந்த 4,800 மனநோயாளரை ஏறக்குறைய ஐந்தாண்டுகள் கவனித்து, 1983இல் முடிவை வெளியிட்டார். 67 பேர் தற்கொலை செய்துகொண்டனர். கணிப்பு முறையோ 800க்கு மேற்பட்டோரை அபாயம் மிக்கவர் எனப் பிரித்தது. அவர்களிற் பெரும்பாலோர்க்கு அம்முடிவு நேரவில்லை. இறந்த 67 பேரில் பாதிக்கு மேற்பட்டோர் அந்தப் பட்டியலிலேயே இல்லை.

இங்கிலாந்தில் மான்செஸ்ரர் சர்வகலாசாலையார் நடத்தும் தேசிய விசாரணையும் இதையே காட்டிற்று. சிகிச்சை பெற்று வந்து தற்கொலை செய்தோரிற் பெரும்பாலோர், கடைசியாகப் பார்க்கப்பட்டபோது "அபாயம் குறைவு" அல்லது "இல்லை" என்றே கணிக்கப்பட்டிருந்தனர். ஆகவே, 2022இல் அந்நாட்டின் நைஸ் நிறுவனம் தெளிவாக அறிவுறுத்தியது: தற்கொலையை முன்னறியப் புள்ளி அட்டவணைகளைப் பயன்படுத்தலாகாது, எவருக்குச் சிகிச்சை அளிப்பது என்பதையும் அவற்றைக் கொண்டு தீர்மானிக்கலாகாது, நோயாளரைக் குறைவு, நடுத்தரம், அதிகம் என்று வகுக்கவும் கூடாது.

"அளவுகோல் இல்லாவிட்டால், இரவில் எவரைக் கவனிப்பது என்று தாதிக்கு எப்படித் தெரியும்?" என்று பெரியோர் கேட்கலாம். நியாயமான கேள்வி. கேள்விகள் ஒழியவில்லை, கூட்டுத்தொகைதான் ஒழிந்தது. "அதிகம்" என்ற ஒற்றைச் சொல் தாதிக்கு ஒன்றும் சொல்லாது. "வேலை போன நாளிலிருந்து உறக்கமில்லை, தமையனுடன் பேசினால் ஆறுதல், நாளை வீடு செல்ல அஞ்சுகிறான்" என்ற குறிப்போ என்ன செய்யவேண்டும் என்பதைச் சொல்லும். அமெரிக்கரான ஸ்ரான்லி, பிரவுண் ஆகிய இருவர் வகுத்த பாதுகாப்புத் திட்டமும் இவ்வகையது. துயர் மூளும் அறிகுறி, தன்னைத் தேற்றும் வழி, நாடத்தக்க மனிதர், அழைக்கவேண்டிய வைத்தியர், ஆபத்தான பொருள்களை அகற்றும் முறை ஆகியவற்றை நோயாளியோடு இருந்து எழுதி, அவன் கையிலேயே கொடுப்பர்.

கடைசியிற் சொன்னதன் வலிமையை நம் நாடே அறியும். 1995ஆம் ஆண்டளவில் இலங்கையின் தற்கொலை விகிதம் உலகிலேயே மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாயிருந்தது. கொடிய பூச்சிகொல்லிகள் தடை செய்யப்பட்டபின் அது பெரிதும் தாழ்ந்தது. எவர் சாவார் என்று கணித்துப் பெற்ற வெற்றியன்று அது. எல்லோர்க்கும் வழியை அடைத்துப் பெற்ற வெற்றி.

தோழர்களே, நண்பன் ஒருவன் சோர்ந்து பேசினால், "சாக நினைக்கிறாயா?" என்று நேரே கேளுங்கள். கேட்பதால் அவ்வெண்ணம் வளரும் என்பது தவறு. விடை "ஆம்" என்றால் அவனைத் தனியே விடாது வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். "இவன் அப்படிச் செய்யமாட்டான்" என்று நாமும் நம் மனத்துள் ஓர் அடையாளமிட்டுவிட்டு அகலாதிருப்போமாக.