கருமுட்டை எடுக்கும் நாள்: ஒரு விலங்கியல் மாணவியின் அனுபவம்

(முன்னாள் மாணவியர் சங்கமத்தில் ஆற்றிய உரை)



சங்கச் செயலாளர் அக்கா தொலைபேசியில் அழைத்து, "பத்து நிமிஷம் பேசும்மா, தலைப்பு உன் இஷ்டம்" என்றார்கள். நான் தலைப்பைச் சொன்னதும் அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "பேசு, கேட்க ஆள் இருக்கு" என்றார்கள். அந்தத் துணிச்சலில்தான் நிற்கிறேன்.

இதே கல்லூரியின் விலங்கியல் ஆய்வகத்தில் கோழிக் கருவை 24 மணி, 48 மணி, 72 மணி என்று கண்ணாடித் தகட்டில் வைத்துப் பார்த்து, படம் வரைந்து, பாகம் குறித்தவள் நான். கரு வளர்ச்சியில் நல்ல மதிப்பெண். ஆனால் திருமணமாகி ஏழு ஆண்டு கழித்து, மதுரையில் ஒரு மருத்துவமனையில் "உங்களுக்கு ஐ.வி.எஃப். செய்து பார்க்கலாம், முதலில் முட்டையை எடுக்கணும்" என்று மருத்துவர் சொன்னபோது, நான் கேட்ட முதல் கேள்வி "வலிக்குமா?" என்பதுதான். படித்தது ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

முதலில் ஊசி. மாதவிலக்கின் இரண்டாம் மூன்றாம் நாளில் தொடங்கி ஏறக்குறைய பத்து, பன்னிரண்டு நாள், தினமும் வயிற்றில் தோலுக்கடியில் போடுவது. எதிர்வீட்டு நர்ஸ் அக்கா இரண்டு நாள் போட்டுவிட்டு, "இனிமே நீயே போடு, பெரிய வித்தையா?" என்றுவிட்டார். உண்மையிலேயே பெரிய வித்தை இல்லை. இடையிடையே உள் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. தேனியிலிருந்து மதுரைக்குப் பேருந்தில் போய்ப் போய் கண்டக்டருக்கே என் முகம் பழகிவிட்டது.

"இப்படி மொத்தமா எடுத்துட்டா உள்ளே இருக்கிற முட்டையெல்லாம் தீர்ந்துபோகாதா?" என்று என் அத்தை கேட்டார்கள். நியாயமான கேள்வி. ஒவ்வொரு மாதமும் சினைப்பையில் பல ஃபாலிக்கிள்கள், அதாவது முட்டை இருக்கும் சிறு நீர்ப்பைகள், வளரத் தொடங்குகின்றன. அவற்றில் பொதுவாக ஒன்றுதான் முழுதாக வளரும். மற்றவை அந்த மாதமே வாடிப்போகும். அப்படி வாடப்போகிறவற்றைத்தான் ஊசி காப்பாற்றி வளர்க்கிறது. அடுத்த மாதக் கணக்கிலிருந்து திருடுவதில்லை. அத்தைக்கு இதைச் சொன்னதும், "அப்போ சரி" என்று பூண்டு உரிக்கப் போய்விட்டார்கள்.

ஃபாலிக்கிள்கள் 17, 18 மில்லிமீட்டரைத் தாண்டியதும் 'டிரிகர்' என்ற கடைசி ஊசி. தங்கைகளே, இதைக் கவனித்துக் கேளுங்கள். எனக்குத் திங்கள் இரவு 9.30 என்று குறித்துக் கொடுத்தார்கள். 9.30 என்றால் 9.30தான். சீரியல் முடியட்டும், கரண்ட் வரட்டும் என்பதெல்லாம் கிடையாது. அந்த ஊசிதான் முட்டையின் கடைசி முதிர்ச்சியைத் தொடங்கிவைத்து, பையின் சுவரிலிருந்து அதைத் தளர்த்திவிடுகிறது. ஏறக்குறைய 36 மணி நேரத்தில் எடுத்தாக வேண்டும். முந்தினால் முட்டை பக்குவப்பட்டிருக்காது. பிந்தினால் பை தானே வெடித்து முட்டை கைக்குக் கிடைக்காமல் போய்விடும். அன்றிரவு வீட்டுக் கடிகாரத்தை நம்பாமல் கைப்பேசியில் மணி பார்த்துப் போட்டேன். அவர் அருகில் நின்று, பரீட்சை ஹாலில் மேற்பார்வை பார்ப்பவர் மாதிரி மணி சொன்னார்.

புதன் காலை. நள்ளிரவுக்குப் பிறகு பச்சைத் தண்ணீர்கூடக் கூடாது. பவுடர் வேண்டாம், சென்ட் வேண்டாம், தலையில் பூவும் வேண்டாம் என்றார்கள். கருவை வளர்க்கும் ஆய்வகத்துக் காற்றில் வாசனைப் பொருள் கலக்கக் கூடாதாம். மதுரையில் மல்லிகை வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் இருந்தது எனக்கே ஆச்சரியம். நகை எல்லாம் கழற்ற வேண்டும். தாலிச் செயினைக் கழற்றிவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு போனேன். அதற்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அதே நேரத்தில் கணவர் வேறொரு சிறு அறையில் விந்து மாதிரி கொடுக்க வேண்டும். வாசலில் ஆள் நடமாட்டம், கதவைத் தட்டி "ஆச்சா சார்?" என்று ஒரு குரல். அவர்கள் பாடும் பாடுதான். அதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

உள்ளே கையில் ஊசி ஏற்றி மயக்க மருந்து கொடுத்தார்கள். பத்து எண்ணுவதற்குள் தூங்கிவிட்டேன். நடந்தது இதுதான்: ஸ்கேன் கருவியோடு இணைந்த மெல்லிய நீண்ட ஊசியைப் பிறப்புறுப்பின் சுவர் வழியாகச் சினைப்பைக்குச் செலுத்தி, ஒவ்வொரு பையிலிருந்தும் நீரை உறிஞ்சி எடுப்பார்கள். அந்த நீர் சூடு குறையாமல் அடுத்த அறைக்குப் போகும். அங்கே கருவியலாளர் நுண்ணோக்கியில் முட்டையைத் தேடுவார். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். மொத்தம் அரை மணிக்குள் முடிந்துவிடும். வெட்டு இல்லை, தையல் இல்லை.

1978 ஜூலையில் இங்கிலாந்தில் லூயிஸ் பிரவுன் பிறந்தபோது, ஸ்டெப்டோ என்ற மருத்துவர் வயிற்றில் சிறு துளையிட்டு லேப்ராஸ்கோப் வழியாகத்தான் முட்டையை எடுத்தார். அதே ஆண்டு அக்டோபரில் கொல்கத்தாவில் பிறந்த குழந்தைக்கு, சுபாஷ் முகர்ஜி ஹார்மோன் ஊசி போட்டு, பிறப்புறுப்பு வழியாகவே முட்டையை எடுத்திருந்தார். அரசு அமைத்த குழு அவரை நம்பவில்லை. 1981இல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். நம் பாடப் புத்தகத்தில் முதல் பெயர் இருந்தது. இரண்டாவது பெயரை நான் சிகிச்சைக்குப் போன பிறகுதான் அறிந்தேன்.

கண் விழித்தபோது மாதவிலக்கு வலி போல அடிவயிற்றில் ஒரு பிடிப்பு, கொஞ்சம் ரத்தக் கசிவு. அவ்வளவுதான். என் உள்ளங்கையில் பேனாவால் '17' என்று எழுதியிருந்தது. நர்ஸ் எழுதியது. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "பதினேழு பிள்ளையா?" என்றார்கள். சிரித்தால் வயிறு வலித்தது.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு தொலைபேசி அழைப்பிலும் அந்த எண் இறங்கியது. 17இல் பக்குவமானவை 13. கருவுற்றவை 9. ஐந்தாம் நாள் வரை வளர்ந்தவை 4. எண் குறைவது இயற்கை, எல்லோருக்கும் நடப்பது என்று முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால், ஒன்பது என்று கேட்ட அன்று நான் குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதிருக்க மாட்டேன்.

இனி என் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். மூன்றாம் நாள் வயிறு உப்பியது. வீட்டில் நாத்தனார் மகனுக்குக் காதுகுத்து. "புதுசா என்ன சொகுசு?" என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்று பயந்து, நின்று பந்தி பரிமாறினேன். நான்காம் நாள் வாந்தி, மூச்சு வாங்கல், சிறுநீர் சரியாகப் போகவில்லை, எடை மூன்று கிலோ ஏறியிருந்தது. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு, நீர் வயிற்றில் சேர்ந்துவிட்டது. நிறைய முட்டை வருகிறவர்களுக்கும், என்னைப் போல நீர்க்கட்டி உள்ளவர்களுக்கும் இது வர வாய்ப்பு அதிகம். நான்கு நாள் படுக்கையில் கிடந்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது கொடுத்த தாளில் இந்த அறிகுறியெல்லாம் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. வாயால் யாரும் சொல்லவில்லை. படித்தவள் நானும் அதை மடித்துப் பைக்குள் வைத்திருந்தேன். உங்களுக்கோ உங்கள் அக்காவுக்கோ நடந்தால், வயிறு உப்பி, மூச்சு வாங்கி, சிறுநீர் குறைந்தால், அல்லது காய்ச்சலோ அதிக ரத்தப்போக்கோ வந்தால், விடியட்டும் என்று காத்திராமல் உடனே போங்கள். காதுகுத்து நடக்கிறபடி நடக்கும்.

விடுதித் தங்கைகளுக்கு இன்னொன்று. "முட்டை கொடுத்தால் பணம்" என்று யாராவது வந்து பேசினால் விலகிவிடுங்கள். 2022இல் ஈரோட்டில் 16 வயதுச் சிறுமியை வைத்து என்ன செய்தார்கள் என்று செய்தித்தாளில் படித்தோம். 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி முட்டை தானம் கொடுப்பவருக்கு வயது 23 முதல் 35க்குள் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேல் எடுக்கக் கூடாது. நான் இப்போது சொன்ன வயிற்று உப்பலெல்லாம் பணம் வாங்கினாலும் வரும், வாங்காவிட்டாலும் வரும்.

எல்லோர் மனதிலும் ஒரு கேள்வி இருக்கிறது, முன்வரிசை அக்கா முகத்திலேயே தெரிகிறது. உறைய வைத்த நான்கில் மூன்றை வைத்தாகிவிட்டது. இரண்டு ஒட்டவில்லை, ஒன்று ஏழு வாரத்தில் நின்றுவிட்டது. ஒன்று இருக்கிறது. தை மாதம் வைப்பதாக மருத்துவர் சொல்லியிருக்கிறார். அதுவரை "என்னாச்சு?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். நானே சொல்வேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு பழைய விலங்கியல் ஆய்வகத்தில், கோழிக் கரு அலமாரிக்குப் பக்கத்தில் இருப்பேன். மேடையில் கேட்க முடியாததை அங்கே வந்து கேளுங்கள். ஊசி போடப் பயமிருப்பவர்கள் முதலில் வரலாம்.