இரண்டு நடை



நினைவுரையில் முன்னோரைப் புகழ்ந்துவிட்டுக் கலைவது எளிது. நான் அவர்களின் கருத்து வேறுபாட்டிலிருந்து தொடங்குகிறேன்.

அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் மைத்துனர்கள். சீனிவாசன் 1893இல் தம் இதழுக்குப் ‘பறையன்’ என்றே பெயர் வைத்தார். இழிவாக்கப்பட்ட சொல்லை நிமிர்ந்து சொன்னார். பண்டிதர் அந்தப் பெயரையே ஏற்கவில்லை. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ தொடங்கினார். அவர் பௌத்தத்தில் வேர் தேடினார். இவர் 1930இல் அம்பேத்கருடன் வட்டமேசை மாநாட்டில் உரிமை கேட்டார். ஒருவருக்காக மற்றவர் வேலையை நிறுத்தியிருந்தால் இழப்பு நமக்குத்தான்.

நம் செயற்குழுவுக்கு வருவோம். வன்கொடுமை நடந்த ஊருக்கு ஒரு தோழர் அன்றிரவே பஸ் ஏறுகிறார். இன்னொருவர் முதல் தகவல் அறிக்கையில் எந்தப் பிரிவு விடுபட்டது என்று பார்க்கிறார். ஒருவருக்கு மற்றவர் ‘காகிதப் புலி’. அவருக்கு இவர் ‘அவசரக்குடுக்கை’. ஒருமுறை இந்தச் சண்டையிலேயே நான்கு நாள் போனது. பாதிக்கப்பட்ட குடும்பம் காவல் நிலைய வாசலில் தனியாக நின்றது. கூட்டத்தை நடத்தியவள் நான். தவறில் எனக்கும் பங்குண்டு.

அதன்பின் ஒன்று செய்தோம். ஊருக்குப் போவது யார், ஆவணம் பார்ப்பது யார் என்று முதல் நாளே பெயர் போட்டு எழுதுகிறோம். இரவு இருவரும் பேசிக்கொள்ள வேண்டும். குறைகளைக் குழுவுக்குள் சொல்ல வேண்டும்.

நடை வேறாக இருக்கட்டும். அந்தக் குடும்பத்தின் பக்கத்தில் இருவரும் நிற்க வேண்டும்.

ஜெய்பீம்.