மனநோய் வழிவழியாக வருமா?



நெய்யாறு அணையை அடுத்துள்ள கள்ளிக்காடு, கேரளத்தின் தென்கோடிச் சிற்றூர்களுள் ஒன்று. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநில எல்லைகள் திருத்தப்பட்டபோது, கல்குளமும் விளவங்கோடும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்திலேயே நின்றது. நாமெல்லாம் பிழைப்பை நாடி வேற்று மாநிலம் சென்றவர்கள். அப்பகுதித் தமிழரோ இருந்த இடத்தை விட்டு அசையாமலே வேற்று மாநிலத்தவராயினர். எனினும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் களியக்காவிளைக்கு இருபுறமும் இன்றும் நடந்தே வருகின்றன.

அத்தகைய திருமணப் பேச்சு ஒன்று, ஏறக்குறைய முடிவான நிலையில், அவ்வூரில் நின்றுபோயிற்று எனக் கேள்வியுற்றோம். பெண்ணிடம் ஒரு குறையும் இல்லை. அவளுடைய தாய்மாமன் முன்னொரு காலத்தில் ஊளம்பாறையில் இருந்தவர்; அதுவே காரணம். ஊளம்பாறை, திருவனந்தபுரத்தில் 1870இல் தோன்றிய மனநோய் மருத்துவமனை இருக்குமிடம். சென்னையில் கீழ்ப்பாக்கம் என்னும் பெயர் படும் பாட்டை அங்கே அப்பெயர் படுகிறது. திருமணம் நின்றதைவிட, “மாமாவுக்கு வந்தது எனக்கும் வருமா?” என்று அப்பெண் கேட்ட கேள்வியே நம்மை அதிகம் வருத்தியது.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு, ‘பரம்பரை நோய்’ என்ற தொடரின்மேல் சற்றே மனக்குறை உண்டு. பரம்பரை என்றதும் வீடும் வயலும் கைமாறுவதுபோல நோயும் முழுதாகக் கைமாறும் என்று எண்ணிவிடுகிறோம். திருவிதாங்கூரில் நாயர்களிடையேயும் நாஞ்சில் நாட்டு வேளாளரிடையேயும் மருமக்கள் வழி நிலவியது. மாமன் சொத்து மருமகனைச் சேரும். இயற்கை அவ்வழியையும் அறியாது, மக்கள் வழியையும் அறியாது. தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என மரபணுக்களைக் கலைத்துப் போட்டுப் பிள்ளைக்குக் கொடுக்கிறது. அவ்வாறு வந்து சேருவது நோயன்று. நோய்க்கு இடங்கொடுக்கும் இயல்பே.

மனநோய்களுள் கடுமையான மனச்சிதைவை எடுத்துக்கொள்வோம். பொதுமக்களில் நூற்றுக்கு ஒருவர் அளவில் வாழ்நாளில் அதற்கு ஆளாகின்றனர். பெற்றோரில் ஒருவருக்கு அந்நோய் இருப்பின் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. இருவருக்கும் இருப்பின் நாற்பதை நெருங்கும். மாமனுக்கு இருந்தால் மருமகனுக்கோ மருமகளுக்கோ மூன்று அல்லது நான்கு. ஆகவே அப்பெண்ணின் கேள்விக்கு விடை, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு ‘வராது’ என்பதே. அவளை வேண்டாம் என்றவர்கள் வேறு குடும்பத்தை நாடினாலும், அங்கும் நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கு அவர்களுக்காகக் காத்திருக்கிறது. இந்நோயாளரில் மிகப் பெரும்பாலோருக்குத் தாய்க்கோ தந்தைக்கோ அந்நோய் இருந்ததில்லை என்பதையும் தரகர்கள் அறிந்துகொண்டால் நலம்.

மரபணு மட்டுமே காரணமாயின், ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் வந்தே தீரவேண்டும். அவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தப்புகின்றனர். அவ்வாறாயின் வளர்ப்புத்தான் காரணமோ என்று தாயின்மேல் பழி சுமத்தியவர்களும் உண்டு. டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்டவர்களைக் கெட்டி என்னும் அமெரிக்க அறிஞர் 1960களில் ஆராயத் தொடங்கினார். நோயுற்றவர்களைப் பெற்ற குடும்பத்தில்தான் அந்நோய் மிகுந்திருந்தது. வளர்த்த குடும்பத்தில் அவ்வாறில்லை. வளர்த்த தாய் குற்றவாளியல்லள் என்பது இதனால் தெளிவாயிற்று. பெற்ற தாயும் குற்றவாளியல்லள். எந்த மரபணுவைக் கொடுப்பது என்று அவளை யாரும் கேட்டதில்லை. 2022இல் வெளியான பேராய்வு ஒன்று, இந்நோயோடு தொடர்புடைய 287 இடங்களை மனித மரபணுத்தொகுதியில் சுட்டியது. ஒவ்வொன்றின் வலிமையும் மிகச் சிறிது. இரத்தத்தைச் சோதித்து ‘இவருக்கு வரும், இவருக்கு வராது’ என்று கூற இன்றும் இயலாது.

இனி, எப்போது வரும் என்பதைக் காண்போம். ஆண்களிடம் மனச்சிதைவு பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்தைந்துக்கும் இடையே தோன்றும். பெண்களிடம் சில ஆண்டுகள் பிந்தும். நாற்பத்தைந்தையொட்டிச் சிறிய அளவில் மீண்டும் ஒருமுறை தலைகாட்டுவதும் உண்டு. பித்தெழுச்சியும் சோர்வும் மாறிமாறி வரும் நோயும் இளமையில் தொடங்குவதே மிகுதி. எனவே நாற்பதைக் கடந்தும் நலமாயிருக்கும் ஒருவர், தந்தைக்கு வந்ததை எண்ணி நாள்தோறும் அஞ்சத் தேவையில்லை. ஆபத்தின் பெரும்பகுதி கழிந்துவிட்டது.

பதினெட்டிலிருந்து இருபத்தைந்து என்பது பிள்ளைகள் வீட்டை விட்டுப் புறப்படும் பருவம். முதல் வேலை, விடுதி அறை, புரியாத மொழி. 1932இல் ஓடகார்ட் என்ற மருத்துவர், அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடியேறிய நார்வேக்காரரிடம், தாய்நாட்டில் இருந்தவரைவிட இந்நோய் மிகுந்திருந்ததைக் கண்டார். பின்னர் பிரிட்டனில் குடியேறிய கரிபியத் தீவினரிடமும் இவ்வாறே காணப்பட்டது. அவர்களுடைய தீவுகளில் அம்மிகுதி இல்லை. எல்லையைத் தாண்டுவதால் மரபணு மாறுவதில்லை. தனிமையும் இழிவாக நடத்தப்படுதலும் அங்கே கூடுதலாகச் சேர்கின்றன. கஞ்சாப் பழக்கமும் சேர்ந்துகொண்டால், இயல்பிலேயே இடங்கொடுக்கும் மனம் விரைவில் நிலைகுலையும்.

பம்பாயிலோ தில்லியிலோ இருக்கும் மகன் உறக்கம் கெட்டு, நண்பரை ஒதுக்கி, பிறர் தன்னைப் பற்றியே பேசுவதாகக் கூறத் தொடங்கினால், ஊருக்கு அழைத்து மந்திரித்து மறைப்பதே பலரது வழக்கம். மறைப்பதன் காரணம் பெரும்பாலும் தங்கையின் திருமணம். அதற்குள் மாதங்கள் கழிந்துவிடும். மருந்து தொடங்கத் தாமதமாகுந்தோறும் குணமும் தாமதமாகும். சென்னையில் 1981 முதல், நோய் புதிதாகத் தொடங்கிய தொண்ணூறு பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் பெரும்பான்மையோர் நல்ல நிலையை எய்தியதாகவே அவ்வாய்வு காட்டியது.

1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் மணமக்களின் மனநிலையைப் பற்றிப் பேசுகிறது. மாமனின் மனநிலையைப் பற்றி ஒரு சொல்லும் அதில் இல்லை.

அயல்மொழி மருத்துவரிடம் தாய்மொழியில் பேச இயலாதது நம்மவருக்குப் பெருந்தடை. இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்னும் தொலைபேசிச் சேவை, 14416 என்ற எண்ணில், இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. எந்த மாநிலத்திலிருந்து அழைத்தாலும் மொழிகளுள் தமிழைத் தெரிந்தெடுக்கலாம்; நோயாளியே பேசவேண்டும் என்பதில்லை, வீட்டாரும் பேசலாம்.